எப்போது நடந்தது?

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் என்ன நடந்தது என்று சொல்ல வருகிறார்கள். நான் முதலில் கேட்பது எப்போது நடந்தது என்பதைத்தான். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். அழுதுகொண்டு வந்தவரிடம் திகதி கேட்பது இரக்கமற்ற செயலாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்த ஒரு பதிலில்தான் மீதிக் கதையைக் கேட்டுப் பயனுண்டா இல்லையா என்பது இருக்கிறது.

திருகோணமலை நகரில் ஒரு சட்டத்தரணியிடம் 2004 முதல் லிகிதராக இருக்கிறேன். சட்டம் படித்தவள் அல்ல. வழக்கேடுகளைக் கட்டி, தவணைத் திகதிகளைக் கொப்பியில் எழுதி, நொத்தாரிசு உறுதிகளைத் தட்டச்சு செய்து, ஐயா சொல்வதைக் காதில் வாங்கிக் கற்றுக்கொண்டதுதான் என் சட்டம். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்காதீர்கள். உங்களுடைய காரியத்துக்கு உங்களுடைய சட்டத்தரணியைப் பாருங்கள், அதையும் நாளைக்கே பாருங்கள். நாளைக்கே என்று ஏன் சொல்கிறேன் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கத்து மக்கள் ஆண்டைக் கலண்டரில் வைத்துச் சொல்வதில்லை. மிக வயதானவர்களுக்கு எல்லாம் 1964 சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின். அவர்களின் பிள்ளைகளுக்குக் கலவரத்துக்கு முன், 90ஆம் ஆண்டு ஓட்டத்துக்குப் பின். அதற்கும் இளையவர்களுக்குக் கடல் வந்த வருஷம். மூதூர்ப் பக்கத்தவர்கள் 2006 இடப்பெயர்வை வைத்துக் கணக்குச் சொல்வார்கள். நீதிமன்றத்துக்கு இந்தக் கணக்கு விளங்காது. அதற்கு நாள், மாதம், ஆண்டு வேண்டும். கடல் வந்த வருஷத்தை 26.12.2004 என்று மாற்றி எழுதுவதுதான் இந்த 22 ஆண்டுகளில் நான் அதிகம் செய்த வேலை.

கடன்களில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் கடனுக்காகத்தான் வருகிறார்கள். இலங்கையில் வழக்குத் தொடுக்கும் கால எல்லையைச் சொல்லும் முதன்மைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். 150 ஆண்டுகளைத் தாண்டிய சட்டம். கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஒரு நாள் மூன்று கடன் கொப்பிகளுடன் வந்தார். கடலுக்குப் போகிறவர்களுக்கு அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கடனாகக் கொடுத்துக் கொடுத்து எழுதிய கொப்பிகள். ஒவ்வொரு வரியும் சுத்தமாக, பெயரோடு, தொகையோடு இருந்தது. கடைசி வரி மூன்று வருஷம் பழையது. விற்றுக் கொடுத்த சாமானுக்கான காசைக் கேட்டு வழக்குப் போட அந்தச் சட்டம் தருவது ஒரே ஒரு வருஷம். கூலிக்காரரின் சம்பளத்துக்கும் அதே ஒரு வருஷம்தான்.

அதே காசை அவர் வாய் வார்த்தையில் கைமாற்றாகக் கொடுத்திருந்தால் மூன்று வருஷம். எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தமாகவோ கடனுறுதிச் சீட்டாகவோ இருந்தால் ஆறு வருஷம். காணியை ஈடு வைத்து உறுதி எழுதியிருந்தால் பத்து. காசு ஒன்றுதான், வாங்கியவர் ஒருவர்தான். எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் ஒன்றிலிருந்து பத்துவரை நீள்கிறது. பெரியவர் கொப்பியை மூடிவிட்டு, தான் மனிதர்களை நம்பிக் கொடுத்ததாகச் சொன்னார். நம்பிக் கொடுத்தவருக்குத்தான் இந்தச் சட்டத்தில் மிகக் குறைந்த காலம் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. கடையில் கடன் கொடுக்கிறவர் யாரும் கடனுறுதிச் சீட்டு எழுதச் சொல்லமாட்டார். எழுதச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, இதை நிறையப் பேர் அறியாமல் இருக்கிறார்கள். கடன்பட்டவர் "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டினாலும் அப்படியே. வாயால் ஒப்புக்கொள்வது போதாது. ஒரு துண்டுக் கடிதம் போதும். கடன்பட்டவர் நல்ல மனத்தோடு இருக்கும்போதே அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு மீண்டும் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிவில் வழக்கில் காலம் கடந்துவிட்டது என்பதை எதிராளிதான் தன் மறுமொழியில் எடுத்துச் சொல்லவேண்டும். அவர் சொல்லாமல் விட்டால் நீதிமன்றம் தானாக அதைக் கையில் எடுப்பதில்லை. ஆகவே காலம் போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடவேண்டாம்.

விபத்துகள் வேறு கதை. பாலையூற்றுப் பக்கம் ஒரு வான் மோதிக் கால் முறிந்த ஒரு மேசன் வந்திருந்தார். வான்காரர் மீது பொலிஸ் போட்ட வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும், குற்றம் நிரூபணமாகட்டும், பிறகு நட்ட ஈடு கேட்கலாம் என்று அவர் பொறுத்திருந்தார். நியாயமான யோசனைதான், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தவணை தவணையாகப் போன அந்த வழக்கு முடிய இரண்டரை வருஷமாயிற்று. வான்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். நட்ட ஈட்டு வழக்குக்கான காலமோ இரண்டு வருஷம். பொலிஸ் வழக்கு நடப்பதால் அந்த இரண்டு வருஷம் நின்றிருக்காது என்பதை அந்த மனிதருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஊன்றுகோலோடு நீதிமன்றம் வந்து நின்றவர் அவர். தாமதித்தார் என்று அவரை எப்படிச் சொல்வது?

கால எல்லையே கூடாது என்று நான் வாதிடவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் கட்டி முடித்த கடனுக்கு வழக்கு வந்து, பற்றுச்சீட்டைச் சுனாமி கொண்டுபோன நிலையில், என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு தாயையும் பார்த்திருக்கிறேன். அவரைக் காப்பாற்றியது காலாவதிதான். சாட்சிகள் சாகிறார்கள், காகிதம் கறையான் தின்னுகிறது, ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் பழைய பற்றுச்சீட்டுகளைப் பொத்தி வைத்திருக்க முடியாது. எனக்கு உடன்பாடு இல்லாதது, யாருக்கு எவ்வளவு காலம் என்று பிரித்துக் கொடுத்த முறையில்தான்.

அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையைப் பாருங்கள். உங்களுடைய அடிப்படை உரிமையை அரசின் நிர்வாகம் மீறினால், உதாரணமாகச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தால், அடித்தால், இனம் பார்த்து வேலை மறுத்தால், உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். போவதற்குத் தரப்பட்டது ஒரு மாதம். உயர் நீதிமன்றம் கொழும்பில் மட்டும்தான் இருக்கிறது. மூதூரிலிருந்து நகரத்துக்கு வருவதற்கே முன்பெல்லாம் படகை நம்பியிருந்தோம், கிண்ணியாப் பாலமே 2009இல்தான் திறந்தார்கள். பிடிபட்ட மகன் எந்த முகாமில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும் காலத்தில், கொழும்பில் ஒரு சட்டத்தரணியைத் தேடி, காசு புரட்டி, சத்தியக்கடதாசி முடித்து, மனுவைக் கையளிக்க அந்த ஒரு மாதம்.

தடுத்து வைக்கப்பட்டவருக்கு, கட்டுப்பாடு நீங்கி அவர் வெளியே வந்த நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிடவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1989இல் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்திலும் ஒரு கதவு உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இங்கே திருகோணமலையிலேயே இருக்கிறது. இந்த ஒரு தகவலையாவது உங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்லிவையுங்கள்.

இனி அரசின் பக்கத்தைப் பாருங்கள். அரச காணியில் நீங்கள் எத்தனை காலம் இருந்தாலும், அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் உரிமையைத் தொடுவதில்லை. தாத்தா வெட்டிய கிணறு, அப்பா வைத்த தென்னை, நீங்கள் கட்டிய வீடு எல்லாம் இருக்கலாம். நீண்ட காலம் இருந்ததால் வரும் ஆட்சியுரிமை அரசுக்கு எதிராக ஓடாது. கிழக்கில் எவ்வளவு நிலம் அரச காணியாகவும் அனுமதிப்பத்திரக் காணியாகவும் இருக்கிறது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அரசு எத்தனை தலைமுறைக்குப் பிறகும் வந்து கேட்கலாம். அரசைக் கேட்பதற்கு நமக்கு முப்பது நாள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

காணி என்றால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் முடியாது. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

நிலாவெளிக்கு வடக்கே எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு ஏக்கர் காணி இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து அம்மாவுக்கு ஒரு பாதியும் அம்மாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, ஒரு பாதியும் உறுதி எழுதிக் கொடுத்தார். நடுவில் ஒரு பூவரச வேலி. 1990இல் எல்லோரும் ஓடினோம். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பதின்மூன்று வருஷம் இருந்தார். மாமா குடும்பத்தோடு வடக்கே நடந்து முல்லைத்தீவு போய், பிறகு கிளிநொச்சியில் தங்கிவிட்டார்.

தனியார் காணியில், உண்மையான உரித்தாளருக்கு எதிராக, அவரை ஏற்றுக்கொள்ளாமல், இடையூறின்றிப் பத்து வருஷம் ஒருவர் இருந்துவிட்டால் காணி அவருக்கு. இதைத்தான் எங்கள் ஊரில் ஆட்சி என்கிறோம், அதை வைத்து முடிக்கும் உறுதியை ஆட்சி உறுதி என்கிறோம். பழைய ரோமன்-டச்சுச் சட்டத்தில் இதற்கு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு காலம் வேண்டுமாம். இந்தத் துறைமுகத்தில் கோட்டை வைத்திருந்த ஒல்லாந்தரின் சட்டம் அது. ஆங்கிலேயர் வந்து பத்து வருஷமாக்கினார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் காணிக்கு 12 வருஷம். அங்கே அரசுக்கே ஒரு வரம்பு உண்டு, 30 வருஷம். இதை மண்டபத்தில் எங்களோடு இருந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அம்மாவின் பாதியில் 1991 முதல் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களும் வேறு ஊரிலிருந்து ஓடி வந்தவர்கள். 2003இல் நாங்கள் திரும்பி வந்தபோது பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தோம். அப்போதுதான் அம்மா இந்த ஐயாவைப் பார்க்க வந்தார், நானும் கூட வந்தேன். ஐயா சட்டப் புத்தகத்தை எடுத்து 13ஆவது பிரிவைக் காட்டினார். காணிக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை பிறக்கும்போது அந்த ஆள் சிறுபிள்ளையாகவோ சித்தசுவாதீனமற்றவராகவோ இருந்தால், அல்லது கடல் கடந்து இருந்தால், அந்தக் காலம் ஆட்சிக் கணக்கில் சேராது. திரும்பி வந்த நாளிலிருந்துதான் பத்து வருஷம் ஓடத் தொடங்கும். எப்படியிருந்தாலும் முப்பது வருஷம் மேல் எல்லை. கடல் கடந்து என்ற சொற்களை ஐயா விரலால் தொட்டுக் காட்டினார். 1871இல் அதை எழுதியவர் கப்பலேறி இலண்டன் போகும் துரைமாரை நினைத்திருப்பார். ஒரு வள்ளத்தில் நாற்பது பேர் நெருக்கியடித்துப் போன எங்கள் அம்மாவையும் அது காப்பாற்றியது.

2013க்குள் எங்களுக்குக் காலம் இருந்தது. 2012இல் வழக்குப் போட்டோம். 2017இல் சமாதானமாக முடிந்தது. அந்தக் குடும்பத்துக்கு வீடு இருந்த இருபது பேர்ச் நிலத்தை விட்டுக்கொடுத்து மீதியை எடுத்தோம். அந்த வீட்டுப் பெண்ணும் அம்மாவும் இன்றைக்கும் வேலிக்கு மேலாகக் கறி பரிமாறிக்கொள்கிறார்கள்.

மாமாவின் பாதி அப்படியல்ல. அது 2007வரை வெறுங்காணியாகக் கிடந்தது. பிறகு நகரத்து வியாபாரி ஒருவர் வேலியடைத்து வெங்காயம் போட்டார். அப்போது மாமா கிளிநொச்சியில். 2009இல் எங்கேயெல்லாம் நடந்தார், எந்தப் பதுங்குகுழியில் யாரை இழந்தார் என்பதை இங்கே எழுத என்னால் முடியாது. பிறகு செட்டிகுளம் முகாம். அந்த நாட்களிலெல்லாம் அவருக்கு எதிரான பத்து வருஷம் ஒரு நாள்கூட விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவர் கடல் கடக்கவில்லை. நந்திக்கடலைத் தாண்டினார், அது களப்பு, கணக்கில் வராது.

இந்த அநியாயத்தைக் கடைசியில் நாடாளுமன்றமும் கண்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போர்ச் சூழலால் நீதிமன்றம் போக முடியாதவரின் கணக்கிலிருந்து கழித்துவிட அனுமதித்தது. அதன் வாசகம் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளைத்தான் காரணமாகச் சொல்கிறது. ஷெல்லடிக்கு ஓடியவர் யாருடைய செயற்பாட்டால் ஓடினார் என்று அந்தச் சட்டத்தை வாசித்த அன்றே யோசித்தேன். அதை விடுவோம். அந்தச் சட்டத்தின் பயனைப் பெற, அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும். இருபத்தாறு வருஷக் காலத்தைச் சரிசெய்ய இரண்டு வருஷம். 2018 ஏப்ரலில் அது முடிந்தது.

கோவிட் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெருந்தொற்றால் உரிய காலத்துக்குள் நீதிமன்றக் காரியங்களைச் செய்ய முடியாதவர்களுக்கு நிவாரணம் தரும் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2021இலேயே வந்துவிட்டது. நல்லதுதான், எங்கள் அலுவலகமும் அதனால் பயன்பெற்றது. நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டபோது கடிகாரத்தை நிறுத்தலாம் என்று இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்தது. வடக்கும் கிழக்கும் அடைபட்டுக் கிடந்ததற்கு அது தெரிய, போர் முடிந்தும் ஏழு வருஷம் சென்றது.

மாமாவுக்கு அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது. நான் வேலை செய்கிற மேசையிலேயே அந்தச் சட்டத்தின் பிரதி கிடந்தது. வேறு எட்டுக் குடும்பங்களுக்கு அதன்படி வழக்கு எழுதினோம், நானே தட்டச்சு செய்தேன். மாமா கிளிநொச்சியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார், நிலாவெளிக் காணியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டேன். 2018 ஜூனில் ஒரு கலியாண வீட்டில் அவராகக் கேட்டார்: "மகள், அந்தக் காணிக்கு இனி ஏதும் செய்யலாமா?" இரண்டு மாதம் பிந்தியிருந்தது. 2007இலிருந்து போர்க்காலத்தைக் கழித்திருந்தால் 2019 மேவரை அவருக்குக் காலம் இருந்திருக்கும். கழிக்க முடியாமல் போனதால் 2017உடன் பத்து வருஷம் நிறைந்துவிட்டது. நான் அதை அவரிடம் முழுவதும் விளக்கிச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போனார். 2021இல் காலமானார்.

குற்ற வழக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள், இப்போது முன்பைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். காரணம், இந்த ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி. 2006இல் அதே நாளில், இங்கே கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே நின்ற ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது வருஷம் நிறைந்துவிட்டது. சந்தையில் மீன் வாங்க நின்றபோது ஒரு அம்மா என்னைக் கேட்டார்: இருபது வருஷத்தோடு எல்லாம் முடிந்துவிடுமாமே, உண்மையா?

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் எத்தனை காலம் சென்றாலும் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகாது. வேறு சட்டங்களில் தனி ஏற்பாடு உள்ளவை தவிர மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் குற்றம் நடந்ததிலிருந்து இருபது வருஷம். ஆகவே அந்தக் கொலைகள் முடியவில்லை. ஆனால் அந்த வாசகத்தில் கொலை என்றுதான் இருக்கிறது. அன்று காயப்பட்டுத் தப்பியவர்களுக்குச் செய்த கொடுமை, பிறகு சாட்சிகளை மிரட்டியவை, தடயத்தை மறைத்தவை என்று சுற்றி நிற்கும் குற்றங்களுக்கெல்லாம் இந்த இருபது வருஷக் கணக்கு வந்து நிற்கிறது. 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களுக்கும் இதே ஆண்டில் இருபது நிறைகிறது.

கொலைக்குக் காலாவதி இல்லை என்று சொல்லும்போது என் குரலில் உறுதி குறைவதை நானே உணர்கிறேன். கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி நடந்த படுகொலைக்கு அனுராதபுரத்தில் தீர்ப்பு வந்தது 2016 ஜூலையில். குற்றம் சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். கடற்கரை மாணவர் வழக்கில் சந்தேகநபர்களான, பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர், சாட்சியம் போதாது என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லவேண்டியவர்கள் பயந்து நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். சட்டம் கதவைப் பூட்டவில்லை, சரிதான். ஆனால் உள்ளே வரவேண்டியவர்களை வரவிடாமல் செய்ய இருபது வருஷம் தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகிறது என்பதும் யோசிக்கவைக்கிறது. ஒருவர் இன்னொருவரைக் கன்னத்தில் அறைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அப்படியான சிறு தாக்குதலுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடங்கவேண்டும். இந்தியாவில் ஒரு வருஷத் தண்டனைக்குள் அடங்கும் குற்றத்துக்கு ஒரு வருஷம். நம்மிடம் இருபது. பெருங்குற்றம் என்று வந்தால் இங்கிலாந்தில் எல்லையே இல்லை, இந்தியாவிலும் மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களுக்குப் பொதுவாக எல்லை இல்லை. சிறியதற்கு விரைவாக, பெரியதற்கு என்றைக்கும் என்று அவர்கள் தரம் பிரித்திருக்கிறார்கள். நம்முடைய சட்டம் கன்னத்தில் அறைந்ததையும் ஒரு பிள்ளையைச் சித்திரவதை செய்ததையும் ஒரே இருபதில் போட்டிருக்கிறது.

மாற்ற முடியாததும் அல்ல. ஜெர்மனியில் கொலைக்கே இருபது வருஷ எல்லைதான் இருந்தது. நாஜிகள் அதற்குள் ஒளிந்து தப்பிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது 1965இல் கணக்குத் தொடங்கும் ஆண்டைத் தள்ளிவைத்தார்கள், 1969இல் முப்பதாக்கினார்கள், 1979இல் எல்லையையே நீக்கினார்கள். ஜப்பான் 2010இல் கொலைக்கான எல்லையை நீக்கியது. அங்கும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள்தான் வருஷக்கணக்காகத் தெருவில் நின்று அதைக் கேட்டன.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இங்கே 2017 முதல் தெருவில் நிற்கிறார்கள். பலவந்தமாகக் காணாமல் ஆக்குவது, ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியும்வரை தொடர்கிற குற்றம். அது முடிந்த நாளிலிருந்துதான் காலத்தைக் கணக்கிடவேண்டும் என்று அனைத்துலக சமவாயம் சொல்கிறது. இலங்கை அதை ஏற்று 2018இல் தன் சட்டமாகவும் ஆக்கியிருக்கிறது. அந்தத் தாய்மாருக்குச் சமவாயத்தை நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. எப்போது நடந்தது என்று கேட்டபோது ஒருவர், இன்றைக்கும் நடக்கிறது என்று சொன்னார்.

போன மாதம் மாமாவின் மகள் கிளிநொச்சியிலிருந்து வந்தாள். மாமாவின் பெட்டியைத் துப்புரவாக்கும்போது கிடைத்தவை என்று ஒரு பொலித்தீன் பை கொண்டுவந்தாள். அம்மம்மா எழுதிக் கொடுத்த உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதிகள், முகாம் பதிவுத் துண்டு, அவற்றோடு ஒரு கடிதம். மாமா அந்த வியாபாரிக்கு ஒரு முறை எழுதிக் கேட்டிருக்கிறார், எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு வந்த பதில் அது. கோடு போட்ட கொப்பித் தாளில் நீல மையில் இருந்தது. "ஐயா, உங்கள் காணியிலுள்ள தென்னைகளுக்குத் தண்ணீர் விட்டு வருகிறேன். வேலிக்குச் செலவழித்த காசை நீங்கள் காணியைப் பாரமெடுக்க வரும்போது பேசிக்கொள்ளலாம்." கீழே கையொப்பம்.

உங்கள் காணி என்று எழுதியிருந்தார். ஒருவர் தானிருக்கும் காணி இன்னொருவருடையது என்று ஒப்புக்கொண்டால், அதுவரை ஓடிய ஆட்சிக் கணக்கு அங்கே அறுந்துவிடும். நான் திகதியைத் தேடினேன். தாளின் மேல் மூலையில் இருந்தது: 19.11.2016. அவர் வேலியடைத்து ஒன்பதாவது வருஷம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன்.

மச்சாளை வாங்கில் இருத்திவிட்டு, ஐயா நீதிமன்றத்திலிருந்து வரும்வரை காத்திருக்கவும் பொறுமையில்லாமல், கடிதத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தே போனேன்.